டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லையா? இன்ஜின் சூடாகாத கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டுகிறோம். அதே முள் கீழேயே படுத்துக் கிடந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. "எவ்வளவு தூரம் ஓட்டினாலும் என் வண்டி சூடே ஆகாது" என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது ஒரு கோளாறு. வண்டியை நடுவழியில் நிறுத்தாது, சத்தமும் போடாது. ஆனால் எரிபொருளையும் இன்ஜினின் ஆயுளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்து கிடக்கிறதா, இல்லை சூடான இன்ஜினைக் குளிர்ந்திருப்பதாக மீட்டர் தவறாகக் காட்டுகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதற்கு விடை தெரியாமல் பாகங்களை மாற்ற ஆரம்பித்தால் செலவுதான் மிஞ்சும்.

இன்ஜினுக்குச் சூடு ஏன் தேவை?

எரிபொருள் எரிந்து உண்டாகும் சக்தியில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் கணிசமான பங்கு புகையோடு வெளியே போய்விடும். இன்னொரு பெரிய பங்கு இன்ஜினின் உலோகத்தில் இறங்கி, அதைச் சுற்றி ஓடும் கூலண்ட் என்ற திரவத்தின் வழியாக ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் கலக்கும். ஆகவே கூலண்டின் வேலை இன்ஜினைக் குளிர வைப்பது என்று நினைக்கத் தோன்றும். அது பாதி உண்மைதான். இன்ஜினை ஒரு குறிப்பிட்ட சூட்டில் வைத்திருப்பதே அதன் முழு வேலை. பெரும்பாலான கார்களில் அந்தச் சூடு 85 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விட்ட இடைவெளி, ஆயிலின் கனம், எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும் என்ற கணக்கு எல்லாமே அந்தச் சூட்டை வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இன்ஜின் 60 டிகிரியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? குளிர்ந்த சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ, கூலண்ட் இன்னும் சூடாகவில்லை என்று பார்த்துக் கூடுதலாக எரிபொருள் தெளிக்கச் சொல்லும். வண்டியை இப்போதுதான் கிளப்பினார்கள் என்பது அதன் கணக்கு. மைலேஜ் குறைவது இதனால்தான். அந்தக் கூடுதல் பெட்ரோல் முழுவதும் எரியாமல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், தேய்மானம் கூடும்.

தண்ணீர் விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகையோடு போய்விடும். சிறிதளவு ரிங்குகளைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதிக்குள் நுழையும். இன்ஜின் நல்ல சூட்டில் இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். குளிர்ந்திருந்தால் உள்ளேயே வியர்த்து ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்ணெய் தடவினாற்போல் வெளிர்மஞ்சளாக ஏதாவது அப்பியிருந்தால், அது ஆயிலும் தண்ணீரும் அடித்துக் கலந்த குழம்பு. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளிலும் இது வரும். ஆனால் கூலண்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அது வேறு கதை, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னும் சில தொல்லைகளும் உண்டு. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, இன்ஜின் குறிப்பிட்ட சூட்டை எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லை என்றால் ஃபில்டர் அடைத்துக்கொண்டே போகும். சில ஆட்டோமேட்டிக் வண்டிகள் இன்ஜின் சூடாகும்வரை மேல் கியருக்கு மாறத் தயங்கும். குளிர் இடங்களில் ஓட்டுபவர்களுக்கு ஹீட்டரே சொல்லிவிடும்: வெதுவெதுப்பைத் தாண்டாது.

மெழுகில் ஓடும் காவலாளி

கூலண்டுக்கு இரண்டு பாதைகள் உண்டு. இன்ஜினுக்குள்ளேயும் ஹீட்டர் வழியாகவும் சுற்றிவருவது சின்னச் சுற்று. ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புவது பெரிய சுற்று. எந்தப் பாதையில் விடுவது என்று முடிவெடுப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன வால்வு. அதுதான் தெர்மோஸ்டாட்.

அதன் நடுவில் ஒரு பித்தளைக் குப்பி. அதற்குள் மெழுகு. குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகி விரிந்து, உள்ளே செருகியிருக்கும் கம்பியைத் தள்ளும். கம்பி நகர முடியாதபடி மேல் சட்டத்தில் ஊன்றியிருப்பதால் குப்பியே கீழிறங்கும். அதோடு சேர்ந்து வால்வின் தட்டும் இறங்கி வழி திறக்கும். சூடு குறைந்தால் மெழுகு உறைந்து சுருங்கும், ஸ்பிரிங் தட்டைத் திரும்ப மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய இந்த மெழுகு முறைதான் இன்றைக்கும் உங்கள் பானெட்டுக்குக் கீழே வேலை செய்கிறது. எத்தனை டிகிரியில் திறக்கும் என்பதைத் தெர்மோஸ்டாட்டின் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். 82, 88, 92 ஆகியவை அடிக்கடி பார்க்கும் எண்கள். அந்த எண்ணில் திறக்க ஆரம்பித்து, இன்னும் 10, 15 டிகிரி ஏறியதும் முழுதாகத் திறந்துவிடும்.

தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். அது உடனே தெரிந்துவிடும். துருவோ சுண்ணாம்புப் படிவோ இடையில் மாட்டிக்கொண்டாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், ரப்பர் வளையம் நைந்துபோனாலும் அது திறந்தபடியே நின்றுவிடும். அப்போது வண்டி கிளம்பிய நொடியிலிருந்தே கூலண்ட் முழு ரேடியேட்டரையும் சுற்றிவரும். இன்ஜின் உண்டாக்கும் சூட்டை எதிர்க்காற்று பறித்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்து ஓடுவதற்கு மிக அடிக்கடி காணும் காரணம் இதுதான்.

இன்னொரு காரணத்தை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வெப்பமான ஊர்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒருமுறை நான் வாங்கிய பழைய காரில் முள் கால் பங்குக்கு மேல் ஏறவே இல்லை. தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கி வந்து மூடியைக் கழற்றினால், உள்ளே பழையது இல்லவே இல்லை, வெறும் ஓட்டைதான். முன்பு எப்போதோ வண்டி ஓவர்ஹீட் ஆனபோது யாரோ ஒரு மெக்கானிக் எடுத்துவிட்டிருக்கிறார். அவர் நல்லதையே நினைத்திருப்பார். ஆனால் ஓவர்ஹீட்டுக்கான உண்மையான காரணம், பாதி அடைத்துப்போன ரேடியேட்டர், அப்படியே இருந்தது.

கழற்றினால் குளிர்ச்சி கூடும் என்ற நம்பிக்கையும் எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்று ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போது, இன்னொன்று சின்னச் சுற்றின் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் சின்னச் சுற்று எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூடாகவே திரும்பிவிடும். அதனால் அந்த வண்டி நெடுஞ்சாலையில் அளவுக்கு மேல் குளிரும், நெரிசலில் ஊரும்போது அளவுக்கு மேல் சூடாகும்.

மீட்டரை நம்பலாமா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எதையும் சோதிக்கும் முன், இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

அளவை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூலண்ட் குறைந்திருந்தால் சென்சாரின் முனை திரவத்தில் மூழ்காமல் வெற்று இடத்தில் நிற்கும். உலோகம் கொதித்துக்கொண்டிருந்தாலும் சென்சார் குறைவான சூட்டையே காட்டும். இந்தக் கட்டுரையில் உள்ள கோளாறுகளிலேயே ஆபத்தானது இதுதான். முள் கீழே இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போவோம், இன்ஜின் உள்ளே வெந்துவிடும். முள் திடீரென்று ஏறி இறங்கித் துள்ளினால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி, இசியூ பார்க்கும் எண்களை நேரடியாகக் காட்டும் சின்னக் கருவி. மொபைலோடு இணைவதும் கிடைக்கிறது. டாஷ்போர்டு முள்ளை விட இது எவ்வளவோ நம்பகமானது. ஏனென்றால் பல கார்களில் முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. 75 டிகிரியானாலும் 105 டிகிரியானாலும் நட்டநடுவில் நிற்கும்படி, ஓட்டுபவர் பதறக் கூடாது என்று வேண்டுமென்றே அமைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் முள் நடுவை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினாலே, உள்ளே சூடு நிறையக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலண்டின் சூடு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரவெல்லாம் ஒரே இடத்தில் ஆறிய பொருள்கள் அல்லவா? காற்று 26 டிகிரி, கூலண்ட் 8 டிகிரி என்று காட்டினால் சென்சாரோ அதன் வயரோ சரியில்லை. −40 டிகிரி என்று காட்டினால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது சாக்கெட் கழன்றிருக்கிறது.

ஏன் −40? கூலண்ட் சென்சார் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். பல வண்டிகளில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டி இறங்கிவிடும். மின்தடை அதிகம் என்றால் இசியூவுக்கு அது குளிர் என்று பொருள். வயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும், அதனால் கணக்கில் உள்ள மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். இதையே இன்னும் ஒரு படி யோசியுங்கள். சாக்கெட்டின் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறினாலும் மின்தடை கூடும். அப்படியென்றால் துருப்பிடித்த இணைப்பு எப்போதும் குளிர்ப் பக்கமாகவே பொய் சொல்லும். ஆகவே சென்சாரை மாற்றும் முன் சாக்கெட்டைக் கழற்றிப் பின்களைச் சுத்தம் செய்து பாருங்கள். பல நேரம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

சில வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், இசியூவுக்குத் தனியாக இன்னொன்று. ஸ்கேனர் 90 என்று சொல்லி முள் மட்டும் படுத்துக் கிடந்தால் இன்ஜினுக்கு எந்தக் குறையும் இல்லை. முள்ளுக்கான சென்சாரையோ மீட்டரையோ பார்த்தால் போதும்.

நிஜமாகவே குளிர்ந்திருந்தால்

ஸ்கேனரும் 60, 65 என்று காட்டி, சென்சாரும் சரியாக இருந்தால் அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம், கை போதும். ஆறிய இன்ஜினைக் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேனும் பெல்ட்டும் எப்போது வேண்டுமானாலும் சுழலலாம், கையையும் சட்டை நுனியையும் தள்ளி வையுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் முதல் சில நிமிடங்களுக்கு இன்ஜின் சூடேறிக்கொண்டே போகும், ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் ஹோஸ் சட்டென்று சூடாகும், கை வைக்க முடியாது. கிளப்பிய கொஞ்ச நேரத்திலேயே ஹோஸ் இளஞ்சூடாகி இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஏறினால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் சூடாவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கீழ் ஹோஸும் ரேடியேட்டரின் அடிப்பகுதியும் எப்போது சூடாகின்றன என்று பார்க்க வேண்டும்.

தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் குறிவைத்தால் அது நிஜத்தை விடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதைக் குறிவைத்து அளந்தால் நம்பலாம்.

பிறகு வண்டியை ஓட்டிப் பாருங்கள். திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடு ஏறும், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கும். மலையிலிருந்து ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்னும் வேகமாக இறங்கும், ஏனென்றால் அப்போது எரிபொருள் எரிவதே குறைவு, எதிர்க்காற்றோ அதிகம். சூடு இப்படிச் சாலையோடு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் வேறு சோதனை தேவையில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0128 என்ற கோளாறுக் குறியீடு வந்திருந்தாலும் இதே சந்தேகம்தான். வெளிக்காற்றின் சூடு, வண்டி ஓடிய நேரம், இன்ஜின் இழுத்த காற்று ஆகியவற்றைக் கொண்டு இந்நேரம் கூலண்ட் இவ்வளவு சூடாகியிருக்க வேண்டும் என்று இசியூ ஒரு கணக்கு வைத்திருக்கும். நிஜம் அதற்குப் பின்தங்கினால் இந்தக் குறியீடு பதிவாகும். ஆனால் கூலண்ட் குறைந்தாலும் சென்சார் பொய் சொன்னாலும் இதே குறியீடு வரும் என்பதால், குறியீட்டைப் பார்த்தவுடன் தெர்மோஸ்டாட்டை மாற்றக் கூடாது.

ஃபேனையும் மறக்காதீர்கள். ஆறிய இன்ஜினைக் கிளப்பியதும், ஏசியும் போடாமல், ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். கூலண்ட் சென்சார் இணைப்பு அறுந்திருந்தாலும் பல வண்டிகளில் இசியூ பாதுகாப்புக்காக ஃபேனை இடைவிடாமல் ஓட்டும். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃபேன் உள்ள வண்டிகளில் அதன் கிளட்ச் இறுகிப்போயிருந்தால், வேகம் கூட்டும்போதெல்லாம் பெரிய இரைச்சல் கேட்கும்.

எல்லாக் குளிரும் கோளாறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறிய டீசல் இன்ஜின்கள் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, மிகக் குறைந்த வெப்பத்தையே உண்டாக்கும். கடுங்குளிரில் ஹீட்டரை முழுதாகப் போட்டு நிறுத்தி வைத்தால் சூடு கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஓட்டும்போது ஏறிச் சரியான அளவில் நின்றால் அப்படிப்பட்ட இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம்.

பாத்திரத்தில் ஒரு சோதனை

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆறிய நிலையில் தட்டின் ஓரமாக வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. தட்டின் விளிம்பில் சின்னதாகக் காற்றுத் துளை இருந்தால் அது வேண்டுமென்றே விட்டது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூடியிருப்பதாகத் தெரிந்தால், சமைக்கப் பயன்படுத்தாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முங்கும்படி தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். நூலைத் தட்டின் இடுக்கில் செருகித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது: வால்வு திறக்கும் கணத்தில் நூல் நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழும், அந்த நொடியில் எண்ணைப் படித்துவிடலாம். 88 என்று பொறித்தது 87லோ 89லோ திறந்தால் நல்லதுதான். 70லேயே திறந்தால் மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தும் பொறித்த எண்ணே உங்கள் வண்டிக்கு உரியதை விடக் குறைவாக இருந்தால், முன்பு யாரோ தவறானதைப் போட்டிருக்கிறார்கள்.

புதிய வண்டிகள் சிலவற்றில் தெர்மோஸ்டாட்டுக்குள் மின்சூடேற்றி இருக்கும், வண்டி இழுக்கும் பாரத்தைப் பொறுத்துத் திறக்கும் அளவை இசியூ மாற்றும். அவற்றைப் பாத்திரத்தில் சோதிப்பதால் பாதி விடைதான் கிடைக்கும்.

புதியதைப் போடும்போது காற்றுத் துளை இருந்தால் அது மேல் பக்கமாக வரட்டும், கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். வண்டித் தயாரிப்பாளர் சொன்ன கூலண்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். ஏர்லாக் நின்றால் சென்சார் மறுபடியும் பொய் சொல்லத் தொடங்கும். வண்டி பல மாதம் குளிரிலேயே ஓடியிருந்தால், பெட்ரோலும் ஈரமும் கலந்த அந்தப் பழைய ஆயிலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பிறகு ஸ்கேனரை மறுபடி செருகி, ஆறிய இன்ஜினைக் கிளப்பி எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள். 40, 60, 80 என்று தடையில்லாமல் ஏறும். 88ஐ ஒட்டி வந்ததும் நான்கைந்து டிகிரி சட்டென்று சரியும். ரேடியேட்டரில் அதுவரை அசையாமல் நின்ற குளிர்ந்த கூலண்ட், கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்துவிட்டது. உடனே தெர்மோஸ்டாட் மூடும், எண் திரும்ப ஏறும், மறுபடி கொஞ்சம் சரியும். இரண்டு மூன்று முறை இப்படி அலைந்துவிட்டு ஓரிடத்தில் நிற்கும்.